பத்தொன்பது கணினிகளும் ஐந்தரை மணி நேரமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சேர்ந்தேன். கணக்கோடு கம்ப்யூட்டர் பாடமும் நடத்தியவன் என்பதால் அங்கிருந்த கணினிகளை எல்லாம் முதலாளி என் பொறுப்பில் விட்டார். மொத்தம் பத்தொன்பது. பதினொன்றில் விண்டோஸ், ஐந்தில் லினக்ஸ், அட்டைப்பெட்டிக்குப் படம் வரைகிறவர்களிடம் இரண்டு மேக். மிச்சம் ஒன்று பேக்கிங் ஹாலில் இருந்தது. அதில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உண்டு. லேபிள் அடிக்கிற பழைய பிரிண்டர் விண்டோஸுக்குத்தான் கட்டுப்படும். மாதக் கடைசியில் சரக்குக் கணக்கு எடுக்கும் நிரலுக்கோ லினக்ஸ் வேண்டும். சுவிட்சைப் போட்டதும் திரையில் இரண்டு வரிகள் வரும். முதல் வரி லினக்ஸ், அடுத்தது விண்டோஸ். முதல் வரியைத் தொடக் கூடாது என்று பேக்கிங் ஹால் பெண்களிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

தினமும் காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பத்தொன்பதையும் ஒரு சுற்று எண்ணிப் பார்ப்பேன். அவற்றுக்குக் கால் முளைத்து ஓடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பஞ்சுத்தூசி காற்றாடியை அடைத்திருக்கும், பல்லி உள்ளே புகுந்திருக்கும், யாராவது வயரைக் காலால் இடறியிருப்பார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதைக்கூட நான் வேறு யாரிடமும் விட்டதில்லை. நான் வேதக்காரன்தான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஓட்டை எதிலும் இறங்காமல் பொட்டு வைக்க அங்கே வேறு ஆள் இல்லை என்பது என் எண்ணம். முதலாளிக்கும் அதே எண்ணம்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான் இல்லை. கண்புரை அறுவை முடிந்து மதுரையில் மகன் வீட்டில் படுத்திருந்தேன். திரும்பி வேலைக்குப் போன அன்று, சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே முதலாளியின் மகள் கூப்பிட்டனுப்பினார். வெளியூரில் படித்துவிட்டு வந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்திருந்த பெண். எல்லாக் கணினிகளையும் கழித்துக் கட்டிவிட்டு ஒரே வகையாக வாங்க வேண்டும் என்று சென்னையில் ஒரு கம்பெனியிடம் கொட்டேஷன் கேட்டிருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அவர் அறையில், எங்களிடம் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி வாங்குகிற கம்பெனியின் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு தாள்கள். ஒன்று ஸ்டெரிலைசர் கணினி கொடுத்தது. ஆவியில் வைத்துக் கிருமி நீக்கிய சரக்கைக் காலை ஒன்பது இருபதுக்கு வெளியே எடுத்ததாக அதில் இருந்தது. மற்றது பேக்கிங் ஹால் லேபிள். அதே சரக்கை அதிகாலை ஐந்து பத்துக்குப் பெட்டியில் அடைத்ததாக அது சொன்னது.

கிருமி நீக்குவதற்கு முன்பே அடைத்த பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. ஒரு லாரிச் சரக்கை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டார் ஆய்வாளர். விளக்கம் சரியில்லை என்றால் இனிமேல் ஆர்டரும் கிடையாது என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"மூணு விதமா மிஷின் வச்சா இப்படித்தான் ஆளுக்கொரு நேரம் சொல்லும். நான் எத்தன வாட்டி சொன்னேன் சார்?" என்றார் முதலாளியின் மகள்.

லேபிளை வாங்கிக்கொண்டு பேக்கிங் ஹாலுக்குப் போனேன். கணினித் திரையின் மூலையில் இருந்த நேரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. ஐந்தாகவோ ஆறாகவோ இருந்திருந்தால் பயந்திருப்பேன். ஐந்தரை என்றதும் மூச்சு வந்தது. நம் நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. கணினிக்குள் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. அதில் விண்டோஸ் நம்மூர் நேரத்தை வைக்கும். லினக்ஸோ எங்கள் சர்வரைக் கேட்டுக்கொண்டு கிரீன்விச் நேரத்தை எழுதிவைக்கும். பிறகு வருகிற விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று நம்பிவிடும். மாதக் கடைசியில் லினக்ஸைத் தொட்டால் நேரத்தைத் திருத்தாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

அப்படியென்றால் நான் இல்லாதபோது யாரோ முதல் வரியைத் தொட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். ஹாலில் இருந்த ஒன்பது பெண்களும் குனிந்துகொண்டார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மாதான் கடைசியில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"விஜயதசமி அன்னைக்கு முதலாளி கையாலதான சார் எல்லா மிஷினையும் தொறப்பாக. இதுலயும் அவியதான் பட்டன அமுத்துனாக. கற்பூரம் காட்டி, சுண்டல் குடுத்து முடியுற வரைக்கும் அப்படியே கெடந்துச்சு. பொறவு நாந்தான் அணைச்சு விண்டோஸுக்கு மாத்துனேன். அவிய தப்பா அமுத்திட்டாகன்னு எப்படிச் சார் வாய்விட்டுச் சொல்ல?"

நேரம் மாறியதை யாரும் கவனிக்கவில்லையா என்றேன். மில் சங்கு ஊதினால் வேலை தொடங்கும், ஊதினால் முடியும்; மூலையில் கிடக்கிற எழுத்தை யார் பார்த்தார்கள் என்றார். நியாயம்தான்.

காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வாளருக்குச் சாட்சி வேண்டுமே. விஜயதசமிக்கு முந்தைய லேபிள்களை எடுத்து வைத்தேன். அவற்றில் நேரம் சரியாக இருந்தது. அதற்குப் பிந்தையவை எல்லாமே ஐந்தரை மணி பின்தங்கியிருந்தன. அடுத்து, கேட்டில் விரல் பதிக்கிற கணினியிலிருந்து, அந்தச் சரக்கை அடைத்த நாளின் வருகையை எடுத்தேன். அது லினக்ஸ் மட்டுமே உள்ளது, நேரம் தவறாது. ஹால் பெண்களில் முதல் ஆள் உள்ளே வந்ததே எட்டு இருபத்தைந்துக்கு. கடைசியாக, ஆய்வாளரை ஹாலுக்கே அழைத்துவந்து, அவர் கண் முன்னால் லினக்ஸைத் திறந்து, கால் மணி நேரம் காத்திருந்து, மறுபடி விண்டோஸுக்கு மாற்றினேன். கொஞ்சம் முன்புதான் திருத்தியிருந்த நேரம் மறுபடியும் ஐந்தரை மணி பின்னால் போய் நின்றது.

"அன்னைக்கு இதைத் தொட்டது யாரு?" என்று கேட்டார் ஆய்வாளர்.

மேற்பார்வை அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். கதவருகில் வந்து நின்றிருந்த முதலாளியே பேசினார். "நாந்தாங்க. மேல இருந்ததத்தான மொதல்ல தொடணும்? சாமி காரியம்னு அதத் தொட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, இனிமே கண்ணு கிண்ணுன்னு பூஜையன்னைக்கு லீவு போடாதீரும்" என்றார். ஹால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சரக்கை விடுவிக்கிற தாளில் ஆய்வாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். எல்லாக் கணினியும் ஒரே வகையாக இருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காதே என்று. வந்திருக்காதுதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் பத்தொன்பதும் ஒன்றையே பார்த்து நேரம் சொல்லி, அந்த ஒன்று தவறினால், பத்தொன்பதும் சேர்ந்து பொய் சொல்லும், எது மெய் என்று காட்ட ஒரு சாட்சிகூட இருக்காது என்றேன். முப்பத்துநான்கு வருடம் கரும்பலகை முன்னால் நின்ற குரலில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். சரக்கும் லாரி ஏறியது.

முதலாளியின் மகள் அன்று மதியமே, லினக்ஸும் உள்கடிகாரத்தில் நம்மூர் நேரத்தையே வைக்கும்படி ஒரே ஒரு கட்டளையைத் தேடி எடுத்து, தானே தட்டிவிட்டார். நல்ல வேலை. நான் மூன்று முறை மாற்றி மாற்றித் திறந்து சோதித்தேன். நேரம் நகரவில்லை.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அவர் அறையில் போன் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எதிர்முனையில் கொட்டேஷன் கொடுத்த சென்னைக் கம்பெனி.

"இல்லைங்க, இப்ப வேண்டாம். இருக்கிறது இருக்கட்டும். எங்க சார் பாத்துக்கிடுவாங்க."

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.