ரிமோட் காருக்கு எலுமிச்சம்பழம்

இன்று காலை ஒன்பது மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பின், ஒரு மாபெரும் முடிவை எடுத்தேன். என் ரிமோட் காருக்குப் பழனி பஸ்ஸின் ஹாரன் சத்தம்தான்.

எட்டு மாதமாக நானே கட்டிய கார். ஒரு சாண் நீளம். முன்விளக்கு, இண்டிகேட்டர், டீசல் இன்ஜின் உறுமல் எல்லாம் உண்டு. இன்று முதல் ஓட்டம்.

வாசலில் இறக்கியதும் மனைவி தடுத்தார்.

“புது வண்டிய சும்மா எடுப்பாகளா? செத்த நேரம் இருங்க.”

குங்குமம் வைத்தார். விபத்து நேராமல் இருக்க, முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தார். பழம் சக்கரத்தைவிடப் பெரிது.

எதிர்வீட்டு பஸ் டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார். “தம்பி, இந்த வண்டிக்குச் சுண்டக்காயே அதிகம்.”

“சாமி காரியத்துல என்னண்ணே கஞ்சத்தனம்?” என்ற மனைவி என்னிடம் திரும்பினார். “நீங்க நல்லா அழுத்துங்க.”

அழுத்தினேன். இன்ஜின் உறுமியது, விளக்குகள் எரிந்தன, தெரு முழுக்க ஹாரன் கேட்டது. வண்டி பழத்தின் மேல் ஏறி, மறுபக்கம் குப்புற விழுந்தது.

“பெருசா வர இருந்தது இதோட போச்சுன்னு நெனச்சுக்கங்க” என்றார் மனைவி.

முன் அச்சு முறிந்துவிட்டது. பழத்தை மதியம் சாதத்துக்குப் பிழிந்துகொண்டோம்.