இருபத்தேழாம் அத்தியாயத்தில் நான் எழுதிய பொய்

என் நாவலில் எல்லாருக்கும் பிடித்தது இருபத்தேழாம் அத்தியாயம்தான். காத்தான்குடியிலிருந்தும் தோஹாவிலிருந்தும் முகம் தெரியாத பெண்கள் குரல்பதிவு அனுப்புகிறார்கள். "அந்த இடத்துல எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிப் போச்சி" என்கிறார்கள். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். நன்றி என்று ஒரு சொல் தட்டக்கூடக் கை வருவதில்லை. அந்த அத்தியாயத்தை நான் எழுதாமல் இருந்திருந்தால் என் தங்கச்சி வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்திருப்பாள்.

அது ஒல்லாந்தர் காலத்துக் கதை. நாயகிக்கு உம்மாவழியில் வந்த வயல் இருக்கிறது. களத்துக்குத் தானே போவாள், சூடடிப்பைத் தானே பார்ப்பாள், வாய்க்கால் தண்ணீருக்காக வெள்ளைக்கார அதிகாரியோடு நேருக்கு நேர் நின்று வழக்குப் பேசுவாள். அப்படிப்பட்டவள் ஆசைப்படுவதோ தன் குடியைச் சேர்ந்த ஒருவன் மேல். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் ஒவ்வொரு முஸ்லிம் குடும்பத்துக்கும் ஒரு குடி உண்டு. அது உம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறை. எந்தத் தலைமுறையில் எந்த இரத்தம் கலந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது, ஆனாலும் கலியாணம் முடிக்கக் கூடாது. மார்க்கத்தில் அப்படியொரு தடை இல்லை, ஊரில் இருக்கிறது. 'இந்தக் காலத்துல ஆரு குடி பாக்கா' என்று எல்லாரும் பெரிய மனதோடு சொல்வார்கள். தங்கள் வீட்டுக் கொமருக்கு மாப்பிள்ளை பேசும்போது பார்ப்பார்கள்.

இருபத்தேழாம் அத்தியாயத்தில் அவளுக்கு வேறொருவனோடு நிக்காஹ் சபை கூடுகிறது. மௌலவி திரைக்கு அருகில் வந்து சம்மதமா என்று மூன்று தரம் கேட்கிறார். இரண்டு தரம் அவள் பேசவில்லை. மூன்றாம் தரம், சபை முழுவதும் கேட்க, "இல்லை" என்கிறாள். அதற்கு முன்னால் அவள் மனதுக்குள் ஒரு வரி வரும்: 'அடுப்படியில் சொன்னால் அடுப்போடு போய்விடும். சபையில் சொன்னால் ஊர் உள்ளவரை நிற்கும்.' அந்த வரியை எழுதிவிட்டு அன்றைக்கு நான் எனக்கே தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். அவ்வளவு பெருமை.

ஒல்லாந்தர் காலத்தில் மௌலவி வந்து மூன்று தரம் கேட்டாரா என்று எனக்கென்ன தெரியும்? என் கல்யாணத்தில் ஒரு தரமும் கேட்கவில்லை, அது தெரியும். நான் மருதமுனையில் எங்கள் வீட்டு அறையில் கட்டிலில் சோடித்து உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசலில் வாப்பா எனக்குப் பொறுப்பாளியாக இருந்து பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தார். சாச்சி வந்து வாயில் சீனியை வைத்தபோதுதான் நான் கலியாணம் முடித்தவளாகிவிட்டேன் என்று தெரிந்தது. என் மாப்பிள்ளை நல்ல மனிதர். கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம். அந்தக் கோபத்தைத்தான் அத்தியாயமாக எழுதி வைத்தேன். பொய் என்று தெரிந்தே எழுதிய பொய்.

நான் கொப்பியில் எழுதுவேன். என்னைவிடப் பதினொரு வயது இளைய தங்கச்சிதான் அதைக் கைபேசியில் தட்டி இணையத்தில் ஏற்றுவாள். முதல் வாசகி அவள். "ராத்தா, இவள ஏன் இவ்வளவு அழ வைக்கீங்க? ரெண்டு கேள்வி கேக்க வையுங்க" என்று என் நாயகிக்காக என்னோடு சண்டை பிடிப்பாள். நாவல் முடிந்ததும் புத்தகமாகப் போடலாம் என்று ஆசை வந்தது. கல்முனையில் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்தோம். எழுத்துப்பிழை பார்க்க அவள்தான் வாரத்துக்கு இரண்டு தரம் போய் வந்தாள். பக்கம் கோர்த்தவன் அந்த அச்சகக் கடைக்காரன், முப்பது வயதுக்குள் இருப்பான். வேலைக்காக வாசிக்கத் தொடங்கியவன் கதையில் இழுபட்டு, நாயகி செய்தது சரியா பிழையா என்று அவளோடு வாதாடினானாம். வாதம் எங்கே போய் முடியும் என்று கதை எழுதுகிற எனக்குத் தெரியாமல் போனது வெட்கக்கேடு.

பிழை திருத்தம் முடிந்த பிறகும் அவள் கல்முனைக்குப் போனாள். ஒரு நாள் அவன் மேல் ஆசை என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தை என்னால் நாவலில் ஒரு தரமும் எழுத முடிந்ததில்லை. அவனுடைய உம்மாவின் குடி என்ன என்று கேட்டேன். எங்கள் குடிதான்.

உம்மாவிடம் சாடையாகக் கதை விட்டுப் பார்த்தேன், பெயர் சொல்லாமல், யாரோ ஒருத்திக்கு நடந்த மாதிரி. உம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினா. "அல்லாஹ்வே, கூடப்பொறந்தவன ஆராச்சும் முடிப்பாங்களா? ஒன்ட கதப் புத்தகத்தோட நிப்பாட்டிக்க. இந்தக் கதைய வீட்டுக்குள்ள கொண்டு வராத" என்றா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அந்த மாதமே எங்கள் அண்ணன், காக்கா, சாய்ந்தமருதிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். அரசாங்க உத்தியோகம், தொழுகையாளி, எங்கள் குடியும் இல்லை. காக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். வாப்பா மௌத்தான பிறகு காக்கா கட்டாரில் ஒன்பது வருஷம் வெயிலில் நின்றார். என் வீட்டின் மேல்கூரையும் தங்கச்சியின் வீடு முழுவதும் அவருடைய முதுகு. இரண்டு வீடும் முடிந்த பிறகுதான், தலை நரைத்து, தனக்கென்று ஒரு பெண் முடித்தார். அவரிடம் போய் உங்கள் தங்கச்சி உங்கள் குடியிலேயே ஒருவனைப் பார்த்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

அவளுக்கு வாய் எழுந்திருக்கும். அதுதான் விஷயம். சம்பந்தம் வந்த இரண்டாம் நாள் கிணற்றடியில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தோம். "நீ காக்காக்கிட்ட என்ன சொல்லப்போற?" என்று கேட்டேன்.

"இப்ப ஒண்டும் சொல்லமாட்டன். இப்ப சொன்னா உம்மா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுவா, காக்கா என்ட போனப் பறிப்பாரு, மறுகா என்னயக் கொழும்புல சாச்சி வீட்ட கொண்டு போய் உடுவாங்க. வீட்டுக்குள்ள சொன்னா வீட்டோட போயிரும், ராத்தா."

"மறுகா?"

"ஒங்கட ஆளு செஞ்ச மாதிரித்தான். மௌலவி வந்து கேக்கக்குள்ள வேணாம் எண்டு சொல்லுவன். அத்தின பேருக்கு முன்னுக்கு ஆராலயும் ஒண்டும் செய்ய ஏலாது. கல்முனையில அவருக்கிட்டயும் சொல்லிட்டன். கடையில காத்துக்கிட்டு இரிக்கச் சொல்லியிரிக்கன்."

இறால் ஓட்டை உரித்தபடியே சொன்னாள், நாளைச் சந்தைக்குப் போவதைப் பற்றிச் சொல்வது போல. 'ஒருவரும் வந்து கேட்கமாட்டார்கள், புள்ள. அது நான் இட்டுக்கட்டியது.' பத்து வினாடி போதும் இதைச் சொல்ல. "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறாலைக் கழுவ எழுந்தேன்.

ஏன் என்று பல தரம் என்னையே கேட்டிருக்கிறேன். காக்காவின் நரைத்த தலை ஒரு காரணம், மெய்தான். ஆனால் அது மட்டும் இல்லை. விஷயம் வெளியே வந்தால் இருவரும் எங்கே சந்தித்தார்கள் என்று ஊர் கேட்கும். என் புத்தகம்தான் சந்திக்க வைத்தது என்று வரும். அட்டைகூடத் தயாராகிவிட்டிருந்தது. என் மாப்பிள்ளை மறுபடி பேனை எடுக்க விடுவாரா என்று யோசித்தேன். அந்த மௌனத்தில் பாதி பாசம், மீதி என் புத்தகம். இதை மறைத்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

மூன்று நாள் கழித்து, லுஹர் தொழுகைக்கு முன்னால், காக்கா எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்தார். உம்மா இருந்தா, நான் இருந்தேன், தங்கச்சி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தபடி, "சாய்ந்தமருது ஆக்களுக்கு நாள் சொல்லப்போறன். என்ன புள்ள, ஒனக்கு ஒண்டும் இல்லயே?" என்றார்.

கடுமையாகக் கேட்கவில்லை. அந்த மனிதருக்குத் தெரிந்த அன்போடுதான் கேட்டார், பதிலுக்காக நின்றும் பார்த்தார். அவள் துருவலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது, 'பாருங்க ராத்தா, முதலாம் தரத்துக்கு நான் பேசல்ல' என்பது போல. பிறகு தலையைக் குனிந்து மறுபடி துருவத் தொடங்கினாள்.

"கொமரு வாய் தொறந்து சொல்லுமா? சும்மா இரிக்காள் எண்டா ஓம்தான்" என்றா உம்மா. காக்கா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி மற்றச் செருப்பையும் போட்டுக்கொண்டு போனார்.

அதுதான் கேள்வி. பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறதே, அது எங்கள் வீட்டில் நடந்து முடிந்துவிட்டது. அவளுடைய ஆயுளுக்கும் கேட்கப்படப்போகும் ஒரே கேள்வி தேங்காய்த் துருவலுக்கும் செருப்புக்கும் நடுவில் வந்து போய்விட்டது. அந்த அடுப்படியில் அதை அறியாதவள் அவள் ஒருத்திதான். அறிந்தும் ஊமையாக நின்றவள் நான்.

அதன் பிறகு வந்த நாட்கள் எனக்கு நரகம். காலையில் எழும்பும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நிய்யத்து வைப்பேன். அவளுடைய அறை வாசல்வரை போவேன். உள்ளே அவள் பாடிக்கொண்டு உடுப்பு மடித்துக்கொண்டிருப்பாள், என்னைக் கண்டால் கண்ணடிப்பாள். கலியாணப் பெண் இவ்வளவு சந்தோஷமாக இருப்பதைக் கண்டு ஊரே மெச்சியது. காக்கா எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அழைப்பிதழ் அடித்தாயிற்று, சோறு ஆக்குவதற்கு ஆள் பேசியாயிற்று. இனிச் சொல்லி என்ன என்று ஒரு நாள் நினைத்தேன், அந்த நினைப்பில் எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் என்னை நான் இன்றும் மன்னிக்கவில்லை. தொழுகைப் பாயில் இருந்து அழுதேன், அவளுடைய மனதை மாற்றிவிடு யா அல்லாஹ் என்று. அவளுடைய மனதை! என் வாயைத் திற என்று கேட்கத் தோன்றவில்லை.

கலியாண நாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ். ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வீடு நிறையப் பெண்கள், அத்தர் வாசம், நெய்ச்சோற்று வாசம். புது வீட்டின் அறையில் அவள் சிவப்புச் சேலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அறை வாசலுக்கு ஒரு திரை போடச் சொல்லிக் காலையிலேயே பிடிவாதம் பிடித்திருந்தாள். "இப்ப ஆரு புள்ள திரை போடுறா" என்று பெண்கள் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்தேன். உதடு மட்டும் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓதுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். என்ன சொல்லிப் பழகுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

என் கைபேசி அதிர்ந்தது. காக்கா அனுப்பியிருந்தார்: நிக்காஹ் முடிஞ்சி. அல்ஹம்துலில்லாஹ். மாப்பிள்ளயக் கூட்டிக்கிட்டு வாறம்.

பெண்களை எல்லாம் சாப்பாட்டுப் பக்கம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"இன்னம் மௌலவியக் காணல்லயே, ராத்தா" என்றாள். "எப்ப வந்து கேப்பாரு?"

கைபேசியை நீட்டினேன். வாசித்தாள். திரும்ப வாசித்தாள். இதில் ஏதோ பிழை இருக்கிறது, நீங்களே திருத்துங்கள் என்பது போல என்னிடமே தந்தாள்.

"என்னயக் கேக்காம எப்பிடி முடிப்பாங்க?"

"கேட்டாங்க, புள்ள. அண்டைக்கு அடுப்படியில காக்கா கேட்டாரே. அதுதான்."

"அதுவா?"

அவள் அந்த நாளைத் தேடிப் பிடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்துவிட்டாள். கழுத்து மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி விரலில் உருட்டினாள்.

"அதுதான் கேள்வி எண்டு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்கு வாய் இருந்தது.

"தெரியும்" என்றேன்.

"அண்டைக்கு நான் ஒங்களப் பாத்தனே, ராத்தா" என்றாள்.

முற்றத்தில் வாகனங்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவளைக் கைபிடித்து எழுப்பி நிறுத்தியதும் நான்தான்.