பாலசுந்தரம் மாற்றிய டூல்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பாலசுந்தரம் வேலை பார்த்தார். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். அது அவருக்குப் பிடிக்கும்.

கிள்ளானில் லோரி எடை மேடை ஒன்றின் யூனிக்ஸ் வகை சர்வர் அவர் பொறுப்பு. அதன் சோர்ஸ் கோடை, அதாவது மென்பொருள் நிரலை, புதுப்பிக்கும் பழைய டூலை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்ததும், ஞாயிற்றுக்கிழமையே புதியதைப் போட்டார். பழையது இழுத்தடிக்கும் வேலையை அது டீ ஆறுவதற்குள் முடித்தது. புதிய நிரலை ஏற்றிவிட்டு முதலாளிக்குப் பெருமையாக வாட்ஸ்அப் அனுப்பினார்.

மறுநாள் காலை திரையில் எடையே வரவில்லை. லோரிகள் சாலைவரை நின்றன.

பாலசுந்தரம் கிள்ளானுக்கு ஓடினார். தராசு சர்வரோடு பேசுவதற்கான நிரலை முன்பு திருத்தி எழுதியவள் சக ஊழியை பிரேமினி. அன்று லீவில் ரவாங்கில் இருந்தாள்.

"என்ன ஆச்சு பாஸ்?" என்றார் எடை மேடை கிளார்க் வேலாயுதம்.

"பிரேமினி எழுதுனதுதான் லா. ஒழுங்கா செய்யல."

போன் ஸ்பீக்கரில் இருந்த முதலாளிக்கும் அது கேட்டது. டிரைவர்களுக்கும் கேட்டது.

பிரேமினி லேப்டாப்போடு ரயிலேறி வந்தாள். சர்வரில் ஃபைலைத் திறந்து மேலும் கீழும் தேடினாள்.

"அண்ணே, நான் எழுதுனது இதுல இல்லயே. திருத்தாத ஒரிஜினல்தான் இருக்கு."

பாலசுந்தரத்துக்கு முகம் சுட்டது. நாம் செய்த திருத்தங்களைப் பழைய டூல் விட்டுவைக்கும். புதியது அவற்றின் மேலேயே எழுதிவிடும். புதிய டூலின் விளக்கக் குறிப்பில் அது இருந்தது. அவர்தான் படிக்காமல் தாண்டிப் போயிருந்தார்.

"புது டூல் அழிச்சிருச்சு," என்றார். டூலைச் சொல்கிறோம், நம்மைச் சொல்லவில்லை என்பது சொல்லும்போதே உறைத்தது.

"என்கிட்ட காப்பி இருக்கு," என்று அவள் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் எடை வந்தது, லோரிகள் நகர்ந்தன.

பாலசுந்தரம் முதலாளியை அழைத்து, "என் தப்பு பாஸ்," என்றார். திரும்பி வந்தபோது வேலாயுதம் பிரேமினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இனிமே கவனமா செய்மா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அவங்க இல்லண்ணே. நான்தான் அழிச்சேன்," என்றார் பாலசுந்தரம்.

"அப்புறம் ஏன் காலையில அவங்க பேர சொன்னீங்க?"

பிரேமினி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சிரு பிரேமினி," என்றார் பாலசுந்தரம்.

"முதல்ல எனக்கு போன் பண்ணியிருக்கலாம்ண்ணே," என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

இருவரும் திரும்பிய ரயிலில் அவள் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. பாலசுந்தரம் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை கதவோரம் நின்றுகொண்டே வந்தார்.