எல்லம்மாவும் என் ஈரல் டெஸ்டும்

எல்லம்மா தாயின் பிள்ளைகள் எல்லாருக்கும் மாதையன் கும்பிட்டு எழுதுவது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கூட்டவில்லை. குறைக்கவில்லை.

போன தை மாதம் என் ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். நான் குடிகாரன் என்றும் சொன்னார்கள். முதலாவது எனக்குத் தெரியாது. இரண்டாவது பொய். சாராயத்தை நான் கையால் தொட்டது ஒரே தடவை. மாட்டுக்குக் கால் பிசகியபோது தேய்த்துவிட்டேன். மாடுதான் அன்று சந்தோஷமாக இருந்தது.

எனக்கு ஊர் மத்தூர்ப் பக்கம். வேலை ஓசூரில். வண்டிப் பாகம் செய்யும் கம்பெனியில் பேக்கிங். காண்ட்ராக்டில் பல வருடம் ஓட்டிவிட்டேன். நின்ற இடத்தில் நின்று பெட்டி ஒட்டுவேன். பெல்ட் அதைத் தள்ளிக்கொண்டு போகும். உடம்புக்கு வேறு அசைவு கிடையாது. தையில் பர்மனென்ட் ஆகப் போகிறவர்கள் பெயர் வந்தது. என் பெயரும் இருந்தது. கம்பெனி டாக்டர் ரத்தம் பார்த்து, ஆள் சரியாக இருக்கிறான் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஆர்டர். போடாவிட்டால் இருக்கிற காண்ட்ராக்டும் சந்தேகம்.

என் மனைவி கௌரம்மா என் அத்தை மகள். விஷயம் கேட்டதும் எல்லம்மாவுக்கு உருளுதண்டம் வேண்டிக்கொண்டாள். வேண்டியது அவள். உருள வேண்டியது நான்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஈரத் துணியோடு கோயிலைச் சுற்றி உருண்டு வர வேண்டும். சமதரையில் இது சுலபம். நம் தாய் உட்கார்ந்திருப்பது சரிந்த பாறையில். வடக்கே ஏற்றம். முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். தெற்கே இறக்கம். அங்கே நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். பாறையே உருட்டும்.

திங்கள்கிழமை டெஸ்ட். ஞாயிறுதான் லீவு. ஞாயிறு விடிந்ததும் பைக்கில் ஊருக்குப் போய் உருண்டேன். இறக்கத்தில் பூசாரி திம்மராயன் கத்திக்கொண்டே ஓடி வந்தான். அவன் எனக்குப் பங்காளி, தம்பி முறை.

"அண்ணா, நில்லு! அங்க பொங்கப்பானை இருக்குது!"

உருளுகிறவனிடம் பிரேக் இல்லை. பானை போனது. பொங்கல் என்மேல் பொங்கியது. நல்ல சகுனம் என்றாள் கௌரம்மா. பானைக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை.

மறுநாள் ரத்தம் கொடுத்தேன். அந்த வாரமே கம்பெனி டாக்டர் கூப்பிட்டார். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு இருக்கிறதாம். ஈரலுக்குள் இருக்க வேண்டியவை. ஈரல் அடிபட்டால் ரத்தத்தில் கசியுமாம். எனக்கு இரண்டும் ஏறியிருந்தன. முதலாவது இரண்டாவதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல்.

"இப்படி ரெண்டு மடங்கு இருந்தா பெரும்பாலும் குடிதான். எவ்வளவு குடிப்பீங்க?" என்றார்.

"குடிக்க மாட்டேன் சார்."

"சும்மா சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல ஒண்ணும் இல்ல சார்."

"அடுத்த மாசம் மறுபடி பார்ப்போம். அதுக்குள்ள நிறுத்துங்க."

வீட்டில் சொன்னேன். கௌரம்மா முகத்துக்கு நேரே வந்தாள்.

"மாமா, ஊது."

ஊதினேன்.

"இன்னொரு வாட்டி."

ஊதினேன்.

"ஒண்ணும் வாசனை வரலியே."

"குடிச்சாத்தான வரும்."

"வாசனை வராத சரக்கா வாங்குற நீ? ஓசூர்ல எது கெடைக்காது?"

விஷயம் எப்படியோ வெளியே பரவியது. பேக்கிங்கில் எனக்குப் பக்கத்தில் நிற்பவன் சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரன். "அண்ணாச்சி, இவ்ளோ நாளா பக்கத்துல நிக்கேன். எனக்கு ஒரு வாய் ஊத்தணும்னு தோணலையே உங்களுக்கு" என்றான். கன்னடக்கார சூப்பர்வைசர் தோளைத் தட்டி, "குடியோது பிட்டுபிடி மாதையா" என்றார். குடியை விட்டுவிடு என்று அர்த்தம். வாடகை வீட்டுக்கார அம்மா தெலுங்கில் ஏதோ புத்தி சொன்னாள். மூன்று மொழியிலும் நான் குடிகாரன் ஆனேன்.

எனக்கு உள்ளே பயம். ஈரல் எந்தப் பக்கம் என்று சுடலையைக் கேட்டேன். இடது பக்கம் என்றான். கொஞ்ச நாள் இடது விலாவைத் தடவித் தடவிப் பார்த்தேன். வலிக்கிற மாதிரியும் இருந்தது. அப்புறம் யாரோ வலது என்றார்கள். வலி அன்றைக்கே பக்கம் மாறியது.

கௌரம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தாள். எண்ணெயை நிறுத்தினாள். உப்பை நிறுத்தினாள். ஒரு சுற்று தாய்க்குப் போதவில்லை என்றாள். அடுத்த டெஸ்டுக்கு முந்தின ஞாயிறு மூன்று சுற்று உருண்டேன். திங்கள்கிழமை ரத்தம் கொடுக்க மடக்கிய கை நீள மறுத்தது.

ரிப்போர்ட் வந்தது. முன்னைவிட அதிகம்.

"நிறுத்தச் சொன்னா கூட்டியிருக்கீங்களே" என்றார் டாக்டர். பங்குனியில் ஒரு டெஸ்ட் தருகிறேன் என்றார்.

பங்குனி டெஸ்டுக்கு ஏழு சுற்று என்று கௌரம்மா முடிவு செய்தாள். என்னைக் கேட்கவில்லை. அந்த வாரம் ஊரிலிருந்து போன் வந்தது. பங்காளி வீட்டுப் பெரியப்பா செத்துப்போனார். அவர் மீசை முளைத்த நாளிலிருந்து குடித்தவர். வயசாகித்தான் செத்தார். எழவு வீட்டில் எல்லாரும் அவர் ஈரலைத்தான் மெச்சினார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பூசாரியும் பங்காளி. அவனுக்கும் தீட்டு. கோயிலையே பூட்டிவிட்டார்கள். கருமாதி முடியும்வரை திறக்க மாட்டார்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே நான் நின்றேன். திம்மராயனைக் கேட்டேன்.

"வெளியிலயாவது உருளட்டுமாடா?"

"தீட்டோட உருண்டா ஈரலு மட்டும் போவாது. பேசாம ஊட்டுக்குப் போ அண்ணா."

தாய் என்னைக் கைவிட்டாள் என்றே நினைத்தேன். உருளாமலே போய் ரத்தம் கொடுத்தேன்.

குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அடுத்த மாதமும் இப்படி வந்தால் கையெழுத்து என்றார் டாக்டர். எழுந்து எனக்குக் கை கொடுத்தார்.

"விட்டுட்டீங்க. ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்."

"இல்ல சார்."

"கை நடுங்குச்சா?"

"இல்ல சார்."

"மன உறுதி உள்ள ஆளு நீங்க."

குடிக்காதவனை யாரும் மெச்சியதில்லை. குடியை விட்டவனை மெச்சுகிறார்கள். வாங்கிக்கொண்டேன்.

கௌரம்மா கீழாநெல்லிதான் என்றாள். சுடலை வேறு சொன்னான். "பாத்தியளா அண்ணாச்சி, சாமி கும்புடாத மாசம்லா கொறஞ்சிருக்கு." அவனுக்கு அது விளையாட்டு. எனக்குச் சுருக்கென்றது. கேன்டீனில் அன்று வேறு மேசையில் உட்கார்ந்தேன்.

கருமாதி முடிந்தது. கோயில் திறந்தது. நன்றி சொல்ல வேண்டாமா? சித்திரையில், டெஸ்டுக்கு முந்தின ஞாயிறு, பாக்கி வைத்த ஏழு சுற்றையும் உருண்டேன். கடைசிச் சுற்றில் வடக்கு ஏற்றத்தில் என்னால் ஏற முடியவில்லை. கௌரம்மாவும் திம்மராயனும் சேர்ந்து தள்ளினார்கள். சாக்கு மூட்டை மாதிரி மேலே போனேன். திங்கள்கிழமை பைக் கிக்கரை உதைக்கக் கால் வரவில்லை. கௌரம்மா உதைத்தாள்.

இந்தத் தடவை வந்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் தாண்டியது.

டாக்டர் கோபப்படவில்லை. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. அந்தக் குரல்தான் என்னை உடைத்தது. தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்து, அவர் கையால் எழுதி வாங்கி வரச் சொன்னார். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் என் இடம் அடுத்த ஆளுக்கு.

கால் இன்னும் சரியாகவில்லை, அந்த வாரம் எனக்குப் பஸ்தான். அன்று சிப்காட் கேட்டில் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. நின்றபடியே கும்பிட்டேன். "தாயே, நான் குடிக்கலன்னு உனக்குத் தெரியும். ஒருத்தருக்காவது சொல்லு." ஈரலைக் கேட்கவில்லை. வேலையைக் கேட்கவில்லை. அதை மட்டும் கேட்டேன்.

கிருஷ்ணகிரியில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். சின்ன வயசுதான். ரிப்போர்ட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். பிறகு என் கையைத் திருப்பினார்.

"முழங்கையெல்லாம் என்ன இப்படி உரிஞ்சிருக்கு? கீழ விழுந்தீங்களா?"

குடித்துவிட்டு விழுந்தேன் என்று நினைக்கிறார், அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கௌரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"விழல டாக்டரம்மா. சாமிக்கு உருண்டாரு. பாறையில."

"எப்போ?"

"டெஸ்டுக்கு மொத நாளு."

"எந்த டெஸ்டுக்கு?"

"எல்லா டெஸ்டுக்குந்தான்!" பெருமையாகச் சொன்னாள். "மொதல்ல ஒரு சுத்து. அப்புறம் மூணு. இப்ப ஏழு. நடுவுல ஒண்ணுக்கு மட்டும் உருளல. பங்காளி செத்துட்டாரு, தீட்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு ரிப்போர்ட்டின்மேல் விரலை வைத்தார். குறைந்திருந்த ரிப்போர்ட்.

"அந்தத் தீட்டு இந்த மாசமா?"

"அதேதான். உங்களுக்கு யாரு சொன்னது?"

டாக்டர் சிரித்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். எஸ்ஜிஓடி ஈரலில் மட்டும் இல்லை. தசையிலும் நிறைய இருக்கிறது. பழக்கமில்லாத உடம்பை அடித்துப் புரட்டினால் தசையிலிருந்தும் கசியும். மற்றதும் கொஞ்சம் கசியும். ரத்தத்தைப் பார்த்தால் ஈரல் கெட்ட மாதிரியே தெரியும். என் ரிப்போர்ட்டில் காமாலை அளவு சரியாக இருந்தது. ஈரல் செய்கிற புரதமும் சரியாக இருந்தது. ஆனாலும் வாய் வார்த்தையாக விட மாட்டேன் என்று வேறு ரத்தமும் எடுத்தார். ஸ்கேனும் பார்த்தார். குடிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏறும் ஜிஜிடி என்பது எனக்கு ஏறவில்லை. தசை அடிபட்டால் ஏறும் சிபிகே என்பது கூரையைத் தொட்டிருந்தது.

"ஈரல் நல்லா இருக்குற மாதிரிதான் தெரியுது. ரெண்டு வாரம் உருளக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. தண்ணி நல்லாக் குடிங்க. அப்புறம் மறுபடி பார்த்துட்டு எழுதித் தரேன்."

கௌரம்மாவுக்குத் தண்ணி என்றதும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. குடிக்கிற தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்னார். அப்புறம் அவளுக்கு வேறு பயம் வந்தது.

"உருள வேணாங்கறாங்களே மாமா. பாதியில நிறுத்துனா ஆத்தா கோவிச்சிக்க மாட்டாளா?"

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று வாயில் தானாக வந்தது.

"மொதல்ல நிறுத்துனதே அவதான். கோயில் கேட்டப் பூட்டுனா. நம்மளுக்குத்தான் புரியல."

கௌரம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ரெண்டு வாரம் கழித்து எல்லாம் சரியான அளவில் வந்தது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். கம்பெனி டாக்டர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஏன் மாதையன், உருண்டத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க குடியத்தான கேட்டீங்க சார்."

அவர் சிரித்து, கையெழுத்துப் போட்டு, கை கொடுத்தார். அதே வாரம் ஆர்டர் வந்தது. தாயின் காலடியில் வைத்துத்தான் பிரித்தேன்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், கேட்கும் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பல்வலிக்குப் போனபோதும் உருண்ட கதையைச் சொன்னேன். அவர் வாயைத் திற என்றார். கௌரம்மா ஊதச் சொல்வதில்லை. சுடலை ஒரு ஞாயிறு என்னோடு கோயிலுக்கு வந்தான். பாறையைச் சுற்றிப் பார்த்தான். "நாலு மாசம் முன்னாலயே காட்டியிருந்தா ஒம்மள குடிகாரன்னு சொல்லியிருக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றான். விழுந்து கும்பிட்டான்.

ஆடியில் தாய்க்குப் பொங்கல் வைக்கிறோம். எல்லாரும் குடும்பத்தோடு வாருங்கள். அன்று நான் உருளவில்லை என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அதற்கு அடுத்த வாரம் கம்பெனியில் வருஷ மெடிக்கல். அது முடிந்த ஞாயிறு உருளுவேன். தாயிடம் சொல்லிவிட்டேன்.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கும். தாயைக் கேளுங்கள். போய் நிற்கும்போது கதவு பூட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு திரும்பாதீர்கள். வெளியே நின்றே கும்பிடுங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் அவள் உங்கள் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.