வாப்பாவின் நோன்புக் கடன்

டொக்டர் வாப்பாவின் மேற்கையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்த்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. தோல் மட்டும்தான் வந்தது. விட்ட பிறகும் அது உடனே இறங்கவில்லை. காலைக் காட்ட வந்தவரின் கையை இவர் ஏன் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல். பொறுமை எனக்கு எப்போதும் குறைவு. நாவுலப் பாதையில் லொறியிலிருந்து மிளகு மூட்டைகள் சரிந்து முறித்த கால் அது. எலும்பு கோணலாகவே ஒட்டி, முழங்கால் மடங்காமல் போயிருந்தது. எலும்பை மறுபடி வெட்டி நேராக்கலாம், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கலாம் என்று கேள்விப்பட்டு, மாத்தளையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போயிருந்தேன். வாப்பாவின் ஆசை ஒன்றுதான். நெற்றி நிலத்தில் பட சுஜூது செய்ய வேண்டும். கதிரையில் இருந்தே தொழலாம், மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று எத்தனை பேர் சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைக்கவில்லை. "காலை நான் நிமித்தித் தருவன். ஆனா இந்த உடம்பு ஒப்பரேசன் மேசையிலயிருந்து எழும்புமோ எண்டு சொல்லேலாது. ரத்தம் காணாது, நெஞ்சும் பலமில்லை. ரெண்டு மாசம் நல்லாச் சாப்பிட வச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

உம்மா இல்லாத வீடு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே சமையலையும் நான்தான் பார்த்தேன். ஈரல், முட்டை, ஆட்டுக்கால் சூப் என்று விடியவே சமைப்பேன். வாப்பாவோ, நம்முடைய மிளகுக் கடையில் போய்ச் சாப்பிடுகிறேன், கட்டிக் கொடு என்பார். இரவில் மட்டும் என் முன்னால் நன்றாகச் சாப்பிடுவார். அப்படியும் உடம்பு தேறவில்லை. உள்ளே வேறு ஏதோ நோய் இருக்கிறது என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே போயிற்று.

ஒருநாள் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டது. கடைக்குள் நுழைந்தேன். மூட்டை தூக்கும் நாட்டாமி, நான் சமைத்த ஈரலை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஊட்டிய சத்தெல்லாம் அந்த மனிதரின் கன்னத்தில்தான் ஏறியிருந்தது. வாப்பா உதடு காய்ந்து, தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

போன ரமழான் முழுவதும் கால் முறிந்து படுத்திருந்ததால் அவருக்கு நோன்பு விடுபட்டிருந்தது. அந்தக் கடனைத்தான் இப்போது இரகசியமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மேசையிலேயே உயிர் போனால் கடனோடு போகக் கூடாதாம். சாவுக்குத் தயாராகிறேன் என்று, பிழைக்க வேண்டிய பலத்தையே பட்டினி போட்டுக் கரைத்திருக்கிறார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கால டொக்டர் நிமித்துவார் மகள். கடனோட மௌத்தானா அத யாரு அடைக்கிற?"

"நான் புடிக்கிறேன். நீங்க மௌத்தானா மிச்சத்த நான் புடிக்கிறேன், வாப்பா. நீங்க சாப்பிடுங்க."

இறந்தவரின் நோன்பை வாரிசு பிடிக்க எங்கள் மார்க்கத்தில் வழியுண்டு. பிடித்த நோன்பை நடுவில் விட மாட்டேன் என்று வாப்பா அன்று பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை இருந்தார். மறுநாள் காலை என் முன்னாலேயே முட்டையை உரித்துச் சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டு, ரத்தம் ஏறிய பிறகு செய்தார்கள். வாப்பா எழுந்து வந்தார். கால் நேரானது. பல மாதம் கழித்து, வீட்டில் முதல் சுஜூதில் அவர் வெகுநேரம் கிடந்தார். பயந்துபோய் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

நோன்பு பிடிக்கும் பலம் மட்டும் திரும்பவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கடையிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. வெட்டியதாலா, பட்டினியாலா, அந்த நெஞ்சுக்கு விதித்ததே அவ்வளவுதானா? இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போதுகூட இதையே கிளறிக்கொண்டிருக்கிறேன்.

சொன்னபடி மிச்ச நோன்புகளைப் பிடித்தேன். ஒன்று மட்டும் பாக்கி. மார்க்கம் படித்த ஆலிம்கள் அறிந்தால் ஏசுவார்கள். எனக்கும் வயதாகிவிட்டது. இந்த உடம்போடு நோன்பு வேண்டாம் என்று என் மகள் சொல்கிறாள். உடம்பு ஒரு சாட்டுத்தான். அதையும் பிடித்துவிட்டால் வாப்பாவுக்காக நான் செய்ய வேண்டியது எதுவும் இருக்காது. எனக்கு மனம் வரவில்லை.