மூன்று கட்டிலுக்கு ஓர் ஆள்

ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலகத்தில் அவளுக்குச் ‘சட்டம் அக்கா’ என்றுதான் பெயர். தொற்று பரவத் தொடங்கிய வாரமே, நோயாளியோடு யாரும் வார்டுக்குள் போகக்கூடாது என்று விதி எழுதியவள் அவள்தான். எழுதியதோடு விடவில்லை, அமைச்சரின் மச்சானையே வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

பிறகு அவளுடைய அண்ணனே வந்து படுத்தார். காய்ச்சல் இறங்கியது, தொண்டையில் சாப்பாடு இறங்கவில்லை. கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்புக்காரர்கள் கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டார். முப்பது கட்டிலைப் பார்க்கும் நர்ஸுக்குக் கெஞ்சிக்கொண்டிருக்க ஏது நேரம்? “இப்படியே போனா உடம்பு தாங்காது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணி சூப் ஃப்ளாஸ்க்கோடு வாசலுக்கு வந்தாள்.

“பின்கதவைத் திறந்து விடுடி. எனக்குத்தான் போன மாசமே இந்தக் காய்ச்சல் வந்து போயிடுச்சே, இனி சீக்கிரம் தொத்தாதே!”

“இங்க நிக்கிறவங்களைப் பாருங்க அண்ணி. உங்களுக்கு மட்டும் திறந்தா என் மூஞ்சியிலயே துப்புவாங்க.”

“துப்பட்டும். மாஸ்க் போட்டுட்டுத்தானே இருக்கே?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ‘வந்து போயிடுச்சே’ என்ற பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. அப்படி வந்து போனவர்கள் ஊரில் எத்தனை பேர்! அக்கம்பக்கம் ஒதுக்கி வைத்ததில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் நிர்வாகக் குழுவில் சொன்னாள். குணமானவர்களைப் பாதுகாப்பு உடையோடு உள்ளே விடலாம். ஆனால் சொந்தக்காரரை மட்டும் பார்க்க அல்ல. மூன்று கட்டிலுக்கு ஓர் ஆள்.

“நீங்க போட்ட விதியை நீங்களே மாத்துறீங்களா? அண்ணன் உள்ளே இருக்கார்னுதானே?” என்றார் இயக்குநர்.

“ஆமா சார், அவர் படுத்த பிறகுதான் எனக்கு உறைச்சது. அதையும் குறிப்புல எழுதிக்கங்க.”

இயக்குநர் பேனாவை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

“ரெண்டு வாரம் செஞ்சு பார்ப்போம்” என்றார் டாக்டர். வாசலில் நின்றவர்களில் குணமானவர்கள் ஆறு பேர் தேறினார்கள். அவர்களோடு அண்ணியும் உள்ளே போனாள்.

சாயங்காலம் அண்ணி போன் செய்தாள்.

“பக்கத்துக் கட்டில்காரர் ரொம்பத் தளர்ந்திருந்தார், முதல்ல அவருக்கு ஊட்டினேன். உன் அண்ணனுக்கு வந்துச்சே கோபம்! ‘யாருக்கோ சூடா ஊட்டிட்டு எனக்கு ஆறினதைத் தரப்போறியா?’ன்னு கப்பைப் பிடுங்கித் தானே குடிச்சிட்டார்.”

“முழுசாவா அண்ணி?”

“முழுசா. இன்னொரு கப் கேட்டார். அது மூணாவது கட்டிலுக்குன்னு சொல்லிட்டேன். உன் சட்டமாச்சே!”