எண்ணெய் வாடை அடித்த காற்று

“கருப்பையா சார் காலமானார்” என்று ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருக்கும் மனிதருக்கே ஒருமுறை இரங்கல் போட்ட குழு அது. தலைமையாசிரியருக்குப் போன் செய்து, “எந்தக் கடல்ல சார்?” என்றுதான் முதலில் கேட்டேன். கடல் இல்லையாம். அவருடைய ஊரான சிங்கம்புணரியில், பால் வாங்கப் போன இடத்தில் மாரடைப்பு.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் எங்கள் காரைக்குடிப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். நான் வரலாறு. அவர் அந்தமானில் வேலை பார்த்த காலத்தில், முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங் பழகியவர். லீவு விட்டால் ஏதாவது ஒரு கடலுக்கடியில் இருப்பார். எதையும் லேசில் நம்பமாட்டார். கேன்டீன் வடையைக்கூடப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்பார் என்பது சக ஆசிரியர்களான உங்களுக்கெல்லாம் தெரியும்.

அவரை நச்சரித்து நானும் ஒருமுறை கூடப் போனேன். கர்நாடகக் கரையில், இருவருக்குமே புதிய ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருவன் ஆமைப் படத்தைக் காட்டி, டைவிங் கூட்டிப்போவதாகச் சொன்னான். சார் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதே ஆமையக் கோவாவுலயும் பாத்தேன், பாண்டிச்சேரியிலயும் பாத்தேன். இது நீந்துதா, பஸ்ஸுல வருதா?” என்றார்.

ஒரு நாள் முழுக்கக் கரையோர டீக்கடையில் உட்கார்ந்து, திரும்பி வரும் படகுகளையே பார்த்தோம். எனக்கு எரிச்சல். “போகும்போது எல்லாரும் தலைய எண்ணுவாக சார். திரும்பி வந்தப்புறம் எண்ணுறாகளான்னு பாருங்க. அவுக படகுலதான் நாம போறோம்” என்றார். அப்படி எண்ணியது ஒரே ஒரு குழுதான்.

மறுநாள் காலை அவர்களிடம் போனோம். உடல்நலம் பற்றி ஒரு படிவம் கொடுத்தார்கள். ஏகப்பட்ட கேள்விகள். மளமளவென்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டேன். சாரிடம் என் பையிலிருந்து துண்டை எடுத்துவரச் சொன்னேன். எடுத்துவந்தவர் என் படிவத்தைப் பார்த்தார். நேராகப் போய் எனக்கு வைத்திருந்த சிலிண்டரைத் திறந்து முகர்ந்தார்.

“காத்துல எண்ணெய் வாட அடிக்குது. இத இழுத்தா ஆபத்து. வேணாம் சார், போயிருவோம்.”

நானும் முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. வேறு சிலிண்டர் கேட்கலாம் என்றேன், அசையவில்லை. தானும் இறங்கவில்லை. மனுஷனுக்குப் பயம், அந்தமான் கதையெல்லாம் வெறும் அளப்பு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஊருக்கு வந்து ஸ்டாஃப் ரூமில் நடித்தே காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து அவருக்கு ‘எண்ணெய் வாடை’ என்று பெயர் விழுந்தது. பிள்ளைகள்கூட முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகப்பட்டேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி வள்ளி அக்கா என்னிடம், “இப்ப இழுப்பு எப்பிடித் தம்பி இருக்கு?” என்றார். திடுக்கிட்டுப் போனேன். எனக்கு மூச்சு இழுப்பு இருப்பது என் வீட்டாரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

“துண்டு எடுக்கையில ஒங்க பையில இழுப்பு மருந்தப் பாத்துட்டாகளாம். தாள்ல இல்லைன்னு போட்டிருந்தீகளாமே? அத்தன பேரு முன்னாடி கேட்டா மனுசன் கூசிப் போவாருன்னு காத்து மேல பழியப் போட்டேன்னாக. கீழ போயி இழுப்பு வந்தா ஒங்கள எப்பிடிக் கரை சேக்குறதுன்னு அன்னிக்கு அவுக பயந்துட்டாகளாம். யார்ட்டயும் சொல்லாதேன்னு வேற சொன்னாக.”

பாவி நான். மூன்று வருடம் அந்தப் பெயரைச் சுமந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கேலி என் தலைக்கு மாறியிருக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சந்தேகத்தைத்தான். முதலில் என்னைத்தான் சந்தேகப்பட வேண்டும். நண்பர்களே, அந்தப் பெயரை இனி யாரும் சொல்லாதீர்கள். காற்று நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இழுப்பு உண்டு.